கீமோ ஏற்றிய அன்று ஒன்றுமில்லை, மூன்றாம் நாள்தான் வாந்தி. ஏன்?

மலர்:
அம்மாவுக்கு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தில் முதல் சுற்று முடிந்தது. அன்றைக்கு நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார், அப்பாடா தப்பித்தோம் என்று நினைத்தோம். மூன்றாம் நாள் காலையில் பிடித்தது பாருங்கள், குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை. குமட்டும்போது போடச் சொல்லி ஒன்டான்செட்ரான் கொடுத்திருந்தார்கள், போட்டால் மாத்திரையும் சேர்ந்தே வெளியே வந்துவிடும். இப்போது பரவாயில்லை, ஆனால் அடுத்த சுற்றே வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?

கீமோ வார்டு நர்ஸ்:
மலர், சிஸ்பிளாட்டினுக்கு இது வழக்கம்தான். முதல் 24 மணி நேரத்து வாந்திக்குக் குடலில் சுரக்கும் செரோட்டோனின் முக்கியக் காரணம், ஒன்டான்செட்ரான் தடுப்பது அதைத்தான். இரண்டாம் நாளுக்கு மேல் வருவதில் மூளையில் வேலை செய்யும் சப்ஸ்டன்ஸ் பி என்ற பொருளுக்குப் பெரிய பங்கு, அதைத் தடுக்க அப்ரெபிட்டன்ட் என்ற மருந்து வேண்டும். இவ்வளவு வாந்தி வரவழைக்கும் கீமோவுக்கு இந்த இரண்டோடு டெக்ஸாமெத்தசோன், ஓலன்சபின் என்று நான்கும் சேர்த்துத் தருவதுதான் இப்போதைய முறை. உங்களுக்கு எவை தந்தார்கள் என்று சீட்டைப் பாருங்கள். எந்த நாள், எத்தனை முறை வாந்தி என்று எழுதிக்கொண்டுபோய் அடுத்த சுற்றுக்கு முன்பே டாக்டரிடம் காட்டுங்கள், மருந்தை மாற்றுவார். வாந்தி வந்தபின் நிறுத்துவதைவிட வராமல் தடுப்பது சுலபம், அதனால் நேரப்படி போடச் சொன்னதைக் குமட்டல் இல்லாவிட்டாலும் போட வேண்டும்.

பழைய நோயாளி:
எனக்கும் ஓலன்சபின் எழுதினார்கள். மருந்துத் தாளில் மனநோய்க்கான மருந்து என்று பார்த்ததும் பயந்துபோய் இரண்டு நாள் போடவே இல்லை, முட்டாள்தனம். போட்டபிறகு குமட்டல் அடங்கியது. தூக்கம் மட்டும் சொக்கும், அதனால் இரவில். சாப்பாட்டை ஆறவைத்துக் கொடுங்கள், சூடாக இருந்தால் வாசனையே புரட்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை. பிடித்த உணவை அந்த நாட்களில் கொடுக்காதீர்கள், அப்புறம் ஜென்மத்துக்கும் அதைப் பார்க்கவே பிடிக்காது!

மலர்:
சீட்டில் அப்ரெபிட்டன்ட் இல்லவே இல்லை. டெக்ஸா ஒரே ஒரு நாள். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, அதனால் குறைத்தார்களோ?

கீமோ வார்டு நர்ஸ்:
இருக்கலாம், டெக்ஸா சர்க்கரையை ஏற்றும். நீங்களே கேளுங்கள், குறைத்திருந்தால் ஈடுகட்ட வேறு வழி உண்டு. வாயில் கரையும் ஒன்டான்செட்ரானும் கேளுங்கள், விழுங்கவே முடியாதபோது உதவும். அது மலச்சிக்கல் தரும், அதனாலும் குமட்டும், அதையும் கவனியுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தங்காவிட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டாலோ காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பழைய நோயாளி:
அம்மா வேண்டாம் என்பதையும் டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். எனக்கு நான்காம் சுற்றில் அந்த வார்டின் கதவைப் பார்த்தாலே வாந்தி வந்தது, ஊசி போடுவதற்கு முன்னாலேயே. முதல் சுற்றுகளைச் சரியாகச் சமாளித்திருந்தால் அந்த நிலைக்கு வந்திருக்க மாட்டேன் என்றார்கள்.

மலர்:
சரி, நாளைக்கே போன் செய்கிறேன்.