‘கசின்’ என்ற சொல்லும் உருது பேசுகிறவர்களும்: உங்கள் அனுபவம் என்ன?

வாணியம்பாடியில் உருது பேசும் பெண்கள் சிலருக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். போன மாதம் ஒரு மாணவி எழுந்து, “மை பிரதர் இஸ் மேரியிங் மை சிஸ்டர்” என்றார். நான் திகைத்துப்போனேன். மற்ற மாணவிகளோ “முபாரக்” சொன்னார்கள். அவருடைய சாச்சா (சித்தப்பா) மகனுக்கும் காலா (பெரியம்மா அல்லது சித்தி) மகளுக்கும் நிக்காஹ் என்பது அவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

உருதுவில் அப்பாவின் தம்பி பிள்ளை சாச்சாஜாத், அத்தை பிள்ளை ஃபூஃபீஜாத், மாமா பிள்ளை மாமூஜாத், அம்மாவின் அக்கா தங்கை பிள்ளை காலாஜாத். அதற்குப் பின்னால் பாயீ (சகோதரன்) அல்லது பஹன் (சகோதரி) சேரும். பேச்சில் முன்பகுதி உதிர்ந்து ‘பாயீ’ மட்டும் நிற்கும். தமிழ் வழியாக விளக்கலாம் என்று பார்த்தால் அதுவும் சரிவரவில்லை. நம்மிடம் சித்தப்பா மகன் அண்ணன் தம்பி வரிசை, மாமா மகன் மச்சான். அவர்களுக்கு எல்லோருமே பாயீ, எல்லோரையுமே மணக்கலாம்.

அப்புறம் இப்படிச் சொல்லித் தந்தேன்: கசினுக்கு ஆண் பெண் கிடையாது, அடுத்து வரும் ‘ஹி’, ‘ஷி’தான் அதைக் காட்டும். ‘கசின் பிரதர்’ நம் நாட்டில் செல்லும், இங்கிலாந்தில் வெறும் ‘கசின்’தான். கசின் ஆணாக இருந்தால் அவர் மகன் உருதுவில் பதீஜா. ஆங்கிலத்தில் அவன் நெஃப்யூ இல்லை, செகண்ட் கசினும் இல்லை, ‘ஃபர்ஸ்ட் கசின் ஒன்ஸ் ரிமூவ்ட்’, அதாவது ஒரு தலைமுறை தள்ளிய கசின். இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது: கசினுக்கு மூலமான லத்தீன் சொல் ‘கொன்சோப்ரீனுஸ்’ முதலில் தாயின் சகோதரி பிள்ளையைத்தான் குறித்தது. அதாவது, காலாஜாத்!

பதில்:
ஷார்ஜாவில் என்னோடு அறையில் இருந்தவர் லாகூர்க்காரர். ஊரில் “பிரதர்” இறந்துவிட்டார் என்று விடுப்பு கேட்டார். அலுவலகத்தில் அவருடைய காகிதங்களைப் பார்த்துவிட்டு, உனக்கு ஒரே தம்பிதான், அவன் உயிரோடுதானே இருக்கிறான் என்று கேட்டு, பொய்யன் என்றே சொல்லிவிட்டார்கள். இறந்தவர் சாச்சா மகன். “கசின் என்று சொல்லியிருக்கலாமே பாய்” என்றேன். “ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தோம். கசின் என்றால் யாரோ மாதிரி இருக்கிறது” என்றார். உடன்பிறந்தவனைத் தனித்துச் சொல்ல அவர்களிடம் ‘ஸகா பாயீ’ என்று ஒரு சொல் உண்டு. அது தேவைப்படும் இடத்தில் மட்டும்தான் வாயில் வரும். அவர் அழுததை இன்னும் மறக்க முடியவில்லை.

பதில்:
எனக்கு ஆம்பூர், வீட்டில் உருதுதான். எங்கள் பிள்ளைகள் இப்போது உருதுவிலேயே ‘கஸன்’ என்கிறார்கள். பாகிஸ்தான் நாடகங்களிலும் அதேதான். சுலபம்தான், மறுக்கவில்லை. ஆனால் யாராவது கஸன் என்றதும் என் தாதி (அப்பாவின் அம்மா) விடமாட்டார்: “கோன் ஸா? சாச்சா கா, மாமூ கா?” (எந்தக் கஸன்? சாச்சா பிள்ளையா, மாமா பிள்ளையா?) பதில் தெரியாமல் பேரன் என் முகத்தைப் பார்ப்பான். அந்த நாலு பெயர்களும் போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை.

முதலில் எழுதியவர்:
லாகூர்க்காரர் கதையைப் படித்த பிறகு, விடுப்புக் கடிதப் பாடத்தை மாற்றிவிட்டேன். ‘மை கசின்’ என்று எழுதியதும் இன்னொரு வரி கட்டாயம்: “வீ க்ரூ அப் இன் தி சேம் ஹவுஸ்.”