டைபீரியஸ் பற்றி யார் சொல்வதை நம்புவது?

கேள்வி: முதுநகர் மாணவி

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய் முதுகலை வரலாறு படிக்கிறேன். கட்டுரைக்கு ரோமப் பேரரசர் டைபீரியஸை எடுத்திருக்கிறேன் (கி.பி. 14 - 37). தமிழ்நாட்டில் இவருடைய வெள்ளிக்காசுகள் குவியல் குவியலாகக் கிடைத்திருப்பதால் வந்த ஆர்வம். பழைய ரோம வரலாற்றாசிரியர்களில் சூட்டோனியஸைப் படித்தால் மனிதர் அரக்கன், வெல்லேயஸைப் படித்தால் தெய்வம். யாரைத்தான் நம்புவது?

பதில்: காசுப்பித்தன்

சூட்டோனியஸ் எழுதியது டைபீரியஸ் செத்து எண்பது வருஷம் கழித்து. எல்லாம் கிசுகிசு. காசையும் கல்வெட்டையும் மட்டும் பாருங்க.

பதில்: வீராம்பட்டினத்தான்

காசு அரசன் அடித்ததுதானே, அதில் தன்னையே திட்டியா எழுதிக்கொள்வான்?

ஆளை மொத்தமாக நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம்மா. ஒவ்வொரு செய்தியும் எழுதியவர் காதுக்கு எப்படி வந்திருக்கும் என்று பார். சூட்டோனியஸ் சொல்கிற ஒரு கதையை எடுத்துக்கொள். டைபீரியஸ் காப்ரி தீவுக்கு வந்த புதிதில், ஒரு மீனவர் பின்பக்கப் பாறையில் ஏறிப்போய்ப் பெரிய நவரை மீனை நீட்டினாராம். பயந்துபோன பேரரசர் அந்த மீனாலேயே அவர் முகத்தைத் தேய்க்கச் சொன்னார். "நல்லவேளை, சிங்கி இறாலைக் கொடுக்கவில்லை" என்றாராம் மீனவர். உடனே அதையும் கொண்டுவரச் செய்து முகத்தைக் கிழித்தார்களாம். எங்கள் ஊரில் வலை பிரிக்கிற இடத்தில் இந்த மாதிரிக் கதை தினமும் காதில் விழும். அடிவாங்கியவனே சிரிப்பு மூட்டுகிறான் என்றால் பல வாய் மாறி வந்த கதைதான்.

ஆனால் அதே சூட்டோனியஸ் பிற்காலப் பேரரசர் ஹாட்ரியன் அரண்மனையில் கடிதங்களைக் கவனித்த செயலர். டைபீரியஸைப் பாராட்டி அவருக்கு முந்தைய பேரரசர் அகஸ்டஸ் எழுதிய கடிதங்களை அப்படியே எடுத்துப் போடுகிறார். தன் கதைக்கே எதிரான சான்று, அதை நம்பலாம்.

இன்னொரு ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸைச் சோதிக்க நல்ல வழி இருக்கிறது. டைபீரியஸின் தத்துப்பிள்ளை ஜெர்மானிக்கஸ் சாவு தொடர்பாக சிரியா ஆளுநர் பிசோ மீது நடந்த விசாரணையில், கி.பி. 20இல் செனட் போட்ட தீர்மானம் ஸ்பெயினில் வெண்கலப் பட்டயமாகக் கிடைத்தது. பிசோவின் மனைவி பிளாங்கினா, டைபீரியஸின் தாய் லிவியா கேட்டுக்கொண்டதால் தப்பினாள் என்று பட்டயம், டாசிட்டஸ் நூல் இரண்டுமே சொல்கின்றன. விசாரணை எந்த மாதம் நடந்தது என்பதில்தான் உதைக்கிறது. பட்டயம் டைபீரியஸின் நியாயத்தைப் புகழ்கிறது, டாசிட்டஸோ அவர் மனதுக்குள் புகுந்து பார்த்தவர்போல எழுதுகிறார். நடந்ததை எடுத்துக்கொள், உள்நோக்கத்தை விட்டுவிடு.

முதுநகர் மாணவி:

அப்போ வெல்லேயஸ், அண்ணா? கூடவே போர்க்களத்தில் இருந்தவராச்சே?

வீராம்பட்டினத்தான்:

ஆமாம், டைபீரியஸிடம் குதிரைப்படை அதிகாரியாக இருந்தவர். நோயாளி வீரர்களுக்குத் தன் பல்லக்கையும் வைத்தியர்களையும் டைபீரியஸ் கொடுத்தார் என்பது அவர் கண்ணால் பார்த்தது. ஆனால் புத்தகம் வந்தது கி.பி. 30இல், டைபீரியஸ் அரியணையில் இருக்கும்போதே. டைபீரியஸின் மெய்க்காவல் படைத் தலைவன் செஜானஸையும் புகழ்ந்து தள்ளியிருக்கிறார். மறு வருஷமே செஜானஸுக்கு மரண தண்டனை! அந்த வருஷத்தைச் சொல்லும் டாசிட்டஸின் நூற்பகுதி பெரும்பாலும் தொலைந்துவிட்டது. வெகுகாலம் பிந்திய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோவைத்தான் பிடிக்க வேண்டும்.

அப்புறம், புதுச்சேரி பக்கத்துப் பழைய துறைமுகமான அரிக்கமேட்டை விட்டுவிடாதே. ரத்தினக் கற்களுக்காக ரோமப் பணம் அந்நியருக்குப் போகிறது என்று கி.பி. 22இல் டைபீரியஸ் செனட்டுக்குக் கடிதம் எழுதியதாக டாசிட்டஸ் சொல்கிறார். அரிக்கமேட்டில் கல்மணி செய்த தடயமும் இருக்கிறது, இத்தாலியச் சிவப்புப் பானை ஓடுகளும் இருக்கின்றன. கட்டுரையில் தாராளமாகப் போடு. கடித வாசகம் டாசிட்டஸ் கை பட்டது என்று மட்டும் அடியில் ஒரு வரி எழுதிவிடு.