டர்பன் "கவெண்டர்" குடும்பமும் நாங்களும் ஒரே வழியா? ஒய் டி.என்.ஏ. சோதனையை யாருக்கு எடுப்பது, எதை எடுப்பது?

பாலாற்றங்கரை:

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரு குடும்பம் எங்களைத் தேடி வந்திருக்கிறது. குடும்பப் பெயர் கவெண்டர். 1903-இல் சென்னையில் கப்பலேறி நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குப் போன அவர்களின் முன்னோர், எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி என்கிறார்கள். கப்பல் பதிவின் நகல் வைத்திருக்கிறார்கள். அதில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது 20, சாதி, ஜில்லா வடஆற்காடு, தாலுகா குடியாத்தம், ஊர் எல்லாம் இருக்கின்றன. ஊர்ப் பெயர் எங்கள் ஊர் மாதிரிதான் படிகிறது. தகப்பன் பெயரும் பொருந்துகிறது, ஆனால் அந்தப் பெயர் அந்தக் காலத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு இருந்திருக்கும்.

அங்கே ஒருவர் ஃபேமிலி ட்ரீ டி.என்.ஏ. என்ற நிறுவனத்தில் ஒய்-37 (தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமில் 37 குறிகளைப் பார்க்கும் சோதனை) எடுத்து முடித்துவிட்டார். எங்கள் பக்கத்திலும் ஒருவர் எடுத்துவிட்டால் தெரிந்துவிடும் என்கிறார். நாங்கள் இனிஷியல் மட்டும் போடுகிறவர்கள், குடும்பப் பெயர் கிடையாது.

அப்பாவுக்கு 78 வயது, நலமாக இருக்கிறார். எனக்கு ஒரு தங்கை, அவளுக்கு ஒரு மகன். யார் எடுக்க வேண்டும், எந்தச் சோதனை? 37 போதுமா? பொருந்தாமல் போனால் உறவே இல்லை என்று அர்த்தமா?

கப்பல்பதிவு:

எச்சிலைக் கொடுப்பதற்கு முன்னால் காகிதத்தைச் சரிபாருங்கள். டி.என்.ஏ. ஊர்ப் பெயரைச் சொல்லாது.

முதலில் "கவெண்டர்" என்பதைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அது நம் "கவுண்டர்"தான். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் டர்பனில் நின்றது முதல் 1911 வரை 152,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் போனார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சென்னை வழியாக. இறங்கியவர்களுக்கு இருந்தது சொந்தப் பெயர், தகப்பன் பெயர், ஓர் எண். பிள்ளைகளின் பிறப்பு, திருமணம், பள்ளி என்று பதிவு வந்தபோதுதான் ஒரு கடைசிப் பெயர் தேவைப்பட்டது. சிலருக்குப் பட்டம் நின்றது: கவெண்டர், பிள்ளே, மூட்லி, படயாச்சி, நாயுடு. சிலருக்குத் தகப்பனின் சொந்தப் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது: மூன்சாமி, பெருமாள். அண்ணன் தம்பி இருவர் வெவ்வேறு தோட்டத்தில் வேலை செய்ததால் இரண்டு குடும்பப் பெயரோடு முடிந்ததும் உண்டு.

பட்டமும் இடத்துக்கு இடம் மாறும். ஒரே சமூகத்தார் தென்னாற்காட்டில் படையாட்சி, வடாற்காட்டில் கவுண்டர், செங்கல்பட்டுப் பக்கம் நாயக்கர். ஆகவே டர்பனில் ஆயிரம் கவெண்டர் இருந்தால் ஆயிரமும் ஒரு வழி அல்ல. கவெண்டர் ஒருவரும் படயாச்சி ஒருவரும் பங்காளிகளாக இருந்தாலும் வியப்பதற்கில்லை.

காகிதத்தில் பார்க்க வேண்டியவை: நகலில் உள்ள எண்ணை வைத்து டர்பன் ஆவணக் காப்பகத்தில் அவரது திருமணம், இறப்பு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவுகளைக் கேளுங்கள். இன்றைய குடும்பத்திலிருந்து அந்த எண் வரைக்கும் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு காகிதம் வேண்டும். பலருக்கு இடையில் ஒரு கண்ணி விட்டுப்போய், அதே பெயருள்ள வேறொரு எண்ணோடு ஒட்டியிருக்கும். அடுத்து, 1903-இல் வடஆற்காடு ஜில்லாவின் தலைநகர் சித்தூர். 1911-இல்தான் சித்தூர் தனி ஜில்லா ஆயிற்று. எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப் பெயர் அது. அதே ஓசையில் இன்றைய ஆந்திர எல்லைக்குள் இன்னொரு ஊர் இல்லை என்று உறுதி செய்துகொண்டு வாருங்கள்.

மரபுக்கணக்கு:

மேலே சொன்னதோடு முழுதும் உடன்படுகிறேன். இனி சோதனைக்கு வருவோம்.

தங்கை மகன் வேண்டாம். அவருக்கு வந்திருப்பது அவருடைய அப்பாவின் ஒய். நீங்களோ அப்பாவோதான். அப்பாவே எடுக்கட்டும், காரணம் பிறகு சொல்கிறேன்.

37 போதுமா என்ற கேள்விக்கு: இங்கிலாந்தில் போதும் என்று சொல்லலாம், நமக்குச் சொல்ல முடியாது. அங்கே குடும்பப் பெயர் பல நூறாண்டாகத் தகப்பன் வழியே இறங்குகிறது. 2000-இல் சைக்ஸ் என்ற பெயருடைய ஆண்களைச் சோதித்தபோது ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரே ஒய் அமைப்பு இருந்தது. அட்டன்பரோ போன்ற அரிய பெயர்களில் இந்த ஒற்றுமை இன்னும் அதிகம். ஸ்மித் போன்ற தொழில் பெயரில் ஒன்றும் தேறாது. கவெண்டர், பிள்ளே எல்லாம் நமக்கு ஸ்மித் மாதிரி. பெயர் பொருந்துவது அங்கே பாதிச் சான்று. இங்கே அந்தப் பாதி கிடையாது, டி.என்.ஏ.தான் முழுச் சுமையையும் தாங்க வேண்டும்.

உங்கள் கணக்கைப் போடுவோம். பொது முன்னோர் உங்கள் எள்ளுத்தாத்தா, அதாவது கொள்ளுத்தாத்தாவின் அப்பா. உங்களிடமிருந்து அவருக்கு 4 படி. டர்பன்காரருக்கு 5 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 9 முறை ஒய் கைமாறியிருக்கிறது. ஒய்-37-இல் கைமாறும் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு குறியில் மாற்றம் வரச் சுமார் ஆறில் ஒரு வாய்ப்பு. ஆக எதிர்பார்க்கும் வித்தியாசம் 1 அல்லது 2. அந்த நிறுவனம் 37-இல் 4 வரை வித்தியாசம் இருந்தாலும் "பொருத்தம்" என்று பட்டியல் போடும். 3, 4 வித்தியாசம் உள்ளவர் எழுநூறு எண்ணூறு ஆண்டுக்கு முந்தைய பங்காளியாகவும் இருக்கலாம். போதாக்குறைக்கு வேகமாக மாறும் குறிகள் சில உள்ளன. சி.டி.ஒய்., டி.ஒய்.எஸ். 570, 576 மாதிரி. வித்தியாசம் அவற்றில் இருந்தால் ஒரு கனம், மெதுவாக மாறும் குறியில் இருந்தால் வேறு கனம். எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் எந்தக் குறி என்று பாருங்கள்.

ஆகவே இரண்டு பக்கமும் பிக் ஒய்-700, குறிகளோடு நிற்காமல் ஒய்யை விரிவாகப் படிக்கும் சோதனை. விலை அதிகம், மறுக்கவில்லை. டர்பன்காரர் புது மாதிரி தர வேண்டியதில்லை. அவருடைய மாதிரி ஆய்வகத்தில் மிச்சம் இருந்தால் அதையே மேம்படுத்தலாம். பிக் ஒய்யில் ஒரு வழியில் சராசரியாக 80 சொச்சம் ஆண்டுக்கு ஒரு புது எஸ்.என்.பி. (டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து மாற்றம்) பிறக்கிறது. எள்ளுத்தாத்தாவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 120-150 ஆண்டு. எனவே இருவரும் ஒரே கடைசிக் கிளையில் உட்கார்ந்து, ஆளுக்கு 1 அல்லது 2 தனி மாற்றம் வைத்திருந்தால் கணக்குக்கு இசைவு. ஆளுக்கு 8, 10 இருந்தால் பங்காளிதான், ஆனால் எள்ளுத்தாத்தாவுக்கு வெகு முன்னால் பிரிந்தவர்.

பாலாற்றங்கரை:

மிக்க நன்றி. டர்பன்காரரின் பட்டியலில் ஏழு பேர் இருக்கிறார்கள், எல்லோருக்கும் 4 வித்தியாசம், ஒருவரும் கவெண்டர் இல்லை. ஹாப்ளோகுரூப் (ஒய் வழியின் பெருங்கிளை) எல்-எம்20 என்று போட்டிருக்கிறது. எங்களுக்கும் எல் வந்தால் பாதி நிச்சயம்தானே?

ஒய்கிளை:

இல்லை. எல்-எம்20 பத்தாயிரம் ஆண்டுக்கும் மேல் பழைய கிளை. தமிழ்நாட்டில் எல், எச், ஆர்1ஏ, ஆர்2, ஜே2 எல்லாம் எல்லாச் சமூகத்திலும் கலந்துதான் கிடக்கின்றன. ஹாப்ளோகுரூப் ஒத்துப்போவது எதையும் நிரூபிக்காது. ஒத்துப்போகாவிட்டால் மட்டும் நேர் வழி இல்லை என்பது உறுதி. அதனால் சிக்கனமாகத் தொடங்க நினைத்தால் அப்பாவுக்கு முதலில் ஒய்-37 எடுங்கள். எச் அல்லது ஆர் வந்துவிட்டால் பிக் ஒய் செலவு மிச்சம். எல் வந்து வித்தியாசம் 0-2 என்றால் அதே மாதிரியில் பிக் ஒய்க்குப் போங்கள்.

பட்டியலில் கவெண்டர் இல்லையே என்று டர்பன்காரர் கவலைப்பட வேண்டாம். தமிழ் ஆண்கள் எடுத்ததே கொஞ்சம்.

ஆனால் இந்த இழையில் இன்னும் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. உங்கள் அப்பாவும் டர்பன்காரரும் நெருங்கிப் பொருந்தினாலும் நிரூபணமாவது "பங்காளி" என்பது மட்டும்தான். உங்கள் ஊரில் பங்காளி வீடு பத்து இருந்தால், கப்பலேறியவர் அந்தப் பத்தில் எந்த வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். அதே தகப்பன் பெயரோடு.

இதற்கு மூன்றாவது ஆள் வேண்டும். சாவுக்குத் தீட்டுக் காக்கிற பங்காளிகளில், எள்ளுத்தாத்தாவுக்கு மேலே பிரிந்ததாகச் சொல்லப்படும் வீட்டிலிருந்து ஒருவர். அவருக்கும் பிக் ஒய். உங்கள் அப்பாவுக்கும் டர்பன்காரருக்கும் பொதுவாக இருந்து, அந்தப் பங்காளிக்கு இல்லாத எஸ்.என்.பி. ஒன்று கிடைத்தால், டர்பன் குடும்பம் அந்த வீட்டைவிட உங்களுக்கு நெருக்கம். மாறாகப் பங்காளிக்கும் டர்பனுக்கும் பொதுவாக இருந்து உங்களுக்கு இல்லையென்றால், டர்பன் குடும்பம் அந்த வீட்டுச் சொந்தம். மூவரும் ஒரே முனையில் நின்றால் ஒய்யால் பிரிக்க முடியாது, ஆட்டோசோமலுக்குத்தான் (தாய், தகப்பன் இரு வழியிலும் வரும் மற்றக் குரோமோசோம்களின் சோதனை) போக வேண்டும்.

மரபுக்கணக்கு:

அப்பா எடுக்க வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். அதே மாதிரியில் ஃபேமிலி ஃபைண்டரையும், அதாவது அந்த நிறுவனத்தின் ஆட்டோசோமல் சோதனையையும், சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் ஒய் எடுத்த டர்பன்காரருக்கும் பொதுவான டி.என்.ஏ.வின் எதிர்பார்ப்பு 27 சென்டிமார்கன்தான் (டி.என்.ஏ. துண்டின் நீள அலகு), ஒன்றுமே தென்படாமலும் போகலாம். உங்கள் அப்பாவையும் அவருடைய அப்பாவையும் ஒப்பிட்டால் அது 100-ஐத் தாண்டும். இரண்டு பக்கமும் ஒரு தலைமுறை மேலே போனால் நான்கு மடங்கு.

நம் ஊரில் அக்கா மகள், மாமன் மகள் கட்டும் வழக்கத்தால் மொத்தத் தொகை ஊதிக் காட்டும். 8, 10 சென்டிமார்கன் துண்டுகள் பத்து சேர்ந்து 90 காட்டினால் அது ஒரே சமூகம் என்பதன் அடையாளம், நெருங்கிய உறவுக்குச் சான்று அல்ல. 25, 30-க்கு மேல் நீளமான துண்டு ஒன்றிரண்டாவது இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மூன்றாவது பங்காளிக்கும் இதையே எடுத்து, அவரைவிட உங்கள் அப்பா டர்பனுக்குத் தெளிவாக நெருங்கியிருக்கிறாரா என்று ஒப்பிடுங்கள்.

கப்பல்பதிவு:

பொருந்தாவிட்டால் உறவே இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். காகிதம் வேறு ஆளைக் காட்டியிருக்கலாம், இல்லையென்றால் தகப்பன் வழி எங்கோ அறுந்திருக்கிறது, அவ்வளவுதான். எங்கே என்று இரண்டு பேரை வைத்துச் சொல்ல முடியாது. இங்கிலாந்தின் மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்பு 2012-இல் லெஸ்டரில் கிடைத்தபோது தாய் வழி பொருந்தியது. மன்னருக்குத் தகப்பன் வழிப் பங்காளிகள் என்று ஆவணம் வைத்திருந்த ஐந்து பேரில் ஒருவரின் ஒய்யும் மன்னரோடு பொருந்தவில்லை. அந்த ஐவரிலேயே ஒருவர் மற்ற நால்வரிலிருந்து வேறுபட்டார். ராஜ வம்சத்துக் காகிதமே அப்படி.

நம் பக்கம் அறுவதற்கு மானக்கேடான காரணம் எதுவும் தேவையில்லை. பிள்ளை இல்லாதவர் மகள் பிள்ளையைச் சுவீகாரம் எடுத்திருப்பார். வீட்டோடு மாப்பிள்ளையின் பிள்ளைகள் தாய் வீட்டுப் பட்டத்தோடு வளர்ந்திருப்பார்கள். நேட்டாலில் கைம்பெண் மறுமணம் செய்து, முதல் கணவரின் பிள்ளை இரண்டாவது கணவரின் பெயரில் பதிவானது உண்டு. பொருந்தாவிட்டால் டர்பனில் கப்பலேறியவரின் இன்னொரு மகன் வழியில் ஒருவரையும், உங்கள் பக்கம் சின்னத் தாத்தா வழியில் ஒருவரையும் எடுங்கள். எந்தப் பக்கம் இருவர் தங்களுக்குள் பொருந்தவில்லையோ அங்கேதான் அறுந்திருக்கிறது.

இப்படி ஒன்று வெளியே வரலாம் என்பதை எடுக்கும் ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். அப்பாவிடமும் அந்தப் பங்காளியிடமும் குறிப்பாக. முடிவு வந்த பிறகு சொல்வது நியாயம் இல்லை.

ஒய்கிளை:

மாதிரி எடுக்கும்போது: ஒரு மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு, காபி, வெற்றிலை பாக்கு, புகையிலை எதுவும் கூடாது. பொய்ப்பல் இருந்தால் கழற்றிவிட்டு எடுங்கள். இரண்டு குச்சி இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கன்னம். உட்பக்கத்தை ஒரு நிமிடம் அழுத்தித் தேய்க்க வேண்டும். வயதானவர்களுக்கு மென்மையாகத் தடவி விட்டுவிடுவதால்தான் டி.என்.ஏ. குறைந்து பிக் ஒய் தோற்கிறது. முனையை விரலால் தொடாமல் குப்பியில் போட்டு இறுக மூடி, வெயிலில் நிறுத்திய காரில் வைக்காமல் அனுப்புங்கள். மூன்று பேருக்கும் ஒரே நாளில் எடுத்தால் குப்பி மாறாமல் அப்போதே எண்ணையும் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கணக்குக்கு உங்கள் மின்னஞ்சலோடு அடுத்த தலைமுறையில் ஒருவருடையதையும் பதிவு செய்யுங்கள்.