பொருள்: ‘நிறுத்து’ போதவில்லை – டிராகன் படகு ஆணைச் சொற்கள் (வெள்ளிக்குள் வேண்டும்)

அன்புள்ள குழுவினருக்கு,

புதிதாகத் தொடங்கும் டிராகன் படகு அணிக்குக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை காலை அவர்கள் முதன்முறையாகத் தண்ணீரில் இறங்குகிறார்கள். 10 வரிசையில் 20 பேர், முன்னால் முரசு அடிப்பவர், பின்னால் நின்றபடி நீண்ட தண்டால் படகைத் திருப்புபவர். பெரும்பாலானோர் துடுப்பைத் தொட்டதே இல்லை.

பெயர்ச்சொற்கள் எப்படியோ அமைந்துவிட்டன. ஆணைகளில் இரண்டு மட்டும் இடிக்கின்றன. ஒன்று, துடுப்புப் போடுவதை விட்டுவிட்டுப் படகை அதன் வேகத்திலேயே ஓடவிடுவது. மற்றது, துடுப்பின் தட்டையான அலகைத் தண்ணீரில் செங்குத்தாக இறக்கி, அசையாமல் வைத்துப் படகைத் தடுப்பது. போன பருவத்தில் இரண்டுக்கும் ‘நிறுத்து’ என்றே சொல்லிவந்தோம். ஒருநாள் எதிரே படகு வந்தபோது பாதிப் பேர் துடுப்பைத் தூக்கினார்கள், பாதிப் பேர் இறக்கினார்கள். இறக்கியவர்கள் வலப்பக்கம் அதிகம். படகு வலப்பக்கமே திரும்பிச் சாய்ந்தது. ஒரு துடுப்பு நீளத்தில் தப்பினோம்.

ஓடவிட ‘விடு’, தடுக்கப் ‘பிடி’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?

– கு.

*

தம்பி கு.,

ஆணைக்கு முன் படகின் பெயரைப் பார்ப்போம். ‘டிராகன்’ எதற்கு? கோயில் தூண்தோறும் யாளி நிற்கிறதே! விவிலியத் தமிழில் ‘வலுசர்ப்பம்’ உண்டு. சர்ப்பம் வடசொல் என்பதால் ‘வல்லரவம்’ எனலாம். ‘சுக்கான்’ என்று எழுதியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், அது அரபுச் சொல். ‘துடுப்புப் போடு’ என்று நீட்டவும் வேண்டாம். தண்டு வலித்தல் நம் பழைய வழக்கு, ஆகவே ‘வலி’ போதும். வலி என்பது வலிமையும்கூட. வள்ளுவர் வலியறிதலுக்கு ஓர் அதிகாரமே வைத்தார். அணியின் முதல் ஆணையாக அந்தச் சொல்லே ஒலிக்கட்டும்.

– ஞா.

*

ஞா. ஐயாவுக்கு வணக்கம்.

யாளிக்குச் சிங்க முகம், துதிக்கையும் உண்டு. இந்தப் படகில் மாட்டும் தலை சீனத்து நாகத்தினுடையது. ஐந்தாம் சந்திர மாதத்து ஐந்தாம் நாள், மிலுவோ ஆற்றில் மூழ்கிய சீனக் கவிஞர் சூ யுவானின் நினைவு என்று அதற்கொரு மரபு இருக்கிறது. அந்தத் தலையை நாம் மாற்றக் கூடாது. வலுசர்ப்பமோ வெளிப்படுத்தின விசேஷத்தில் சாத்தானின் பெயர். சீனருக்கு இது மழை தரும் மங்கல உயிர். 1976இல் ஹாங்காங்கில் நடந்த போட்டிக்குப் பின் பல நாடுகளுக்கும் பரவி, 1991இல் பன்னாட்டுச் சம்மேளனமும் கண்ட விளையாட்டு இது. ‘டிராகன் படகு’ என்று தேடினால்தான் புதியவருக்கு ஓர் அணி கிடைக்கும்.

‘வலி’ வேண்டவே வேண்டாம், ஐயா. முதல் நாளே உள்ளங்கை கொப்பளிக்கும். நடுவரிசையில் ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு ‘வலி’ என்றால் பின்வரிசை வேகம் கூட்டும்.

கு., நீங்கள் கேட்காத ஒன்று. வரைவில், அலகு நீருக்குள் இறங்கும் கட்டத்தைப் ‘பற்று’ என்கிறீர்கள். அதைக் கேட்டதும் புதியவர் கைப்பிடியை இறுகப் பற்றுகிறார், பத்தே நிமிடத்தில் முன்கை கல்லாகிவிடுகிறது. செய்ய வேண்டியது வேறு. அலகு முழுவதும் நீருக்குள் போன பிறகே இழுக்க வேண்டும். பாதி இறங்கிய அலகு காற்றையும் சேர்த்து இழுத்துச் ‘சளக்’கென்று சத்தம் போடும். ‘புதை’ என்று சொல்லிப் பாருங்கள். மேற்கை தானாகவே கீழ்நோக்கி அழுத்தும். இதற்கு முந்தைய கட்டத்தை ‘எட்டு’ என்பதும் ஆகாது. புறப்படும்போது வீச்சுகளை எண்ணுவோம், ஆறு, ஏழுக்குப் பிறகு அது குழப்பும். ‘நீள்’ போதும்.

– லெ.

*

எல்லாருக்கும் வணக்கம். நான் கடல் தொழில் செய்யும் குடும்பம்.

தண்டு வேறு, துடுப்பு வேறு. தண்டு படகோடு கட்டப்பட்டிருக்கும், அதைத்தான் வலிப்போம். துடுப்பைக் கையில் ஏந்திப் போடுவோம். ஞா. ஐயா இரண்டையும் ஒன்றாக்குகிறார். டிராகன் படகில் தண்டு ஒன்றே ஒன்று, அது பின்னால் திருப்புகிறவர் கையில்.

‘விடு’ ஆபத்து. ‘படகு விடு’ என்றால் எங்களுக்குப் படகைச் செலுத்து என்று பொருள். நிற்கச் சொல்கிறீர்களா, போகச் சொல்கிறீர்களா?

– மீ.

*

மீ. சொன்னது உறைத்தது. நேற்று மாலை ஆறு பேரைக் கரையில் முதுகு காட்டி உட்காரவைத்தேன். படகின் நீளம் 12 மீட்டருக்குச் சற்று மேல். அவ்வளவு தூரம் தள்ளி நின்று, நடுவே முரசும் அடிக்கச் சொல்லிக் கத்தினேன். ‘விடு’வையும் ‘பிடி’யையும் இரண்டு பேர் மாற்றிக் கேட்டார்கள். மறுமுறை வேறு இருவர்.

– கு.

*

கேட்காமல் என்ன செய்வார்கள்? இரண்டும் குறிலிணை, இரண்டும் நிரையசை, முதலுயிரும் ஒன்றே. நன்னூலார் இசையிலும் விளியிலும் பண்டமாற்றிலும் உயிரும் ஒற்றும் அளவு கடந்து நீளும் என்கிறார். உங்கள் ஆணை விளிதானே? நெடிலில் தொடங்குங்கள். ஓடவிட ‘ஓய்’. தடுக்க ‘ஊன்று’. ‘ஓஓஓய்’ என்று எவ்வளவும் நீட்டலாம். ‘ஊன்று’ வல்லினத்தில் முடிந்து நிற்கும். யாளியை விட்டுக்கொடுக்கிறேன். வலியை இல்லை.

– ஞா.

*

‘ஓய்’ ஆளைக் கூப்பிடுவது போல இருக்கிறது. பரவாயில்லை, கூப்பிட்டால் கை நின்றுவிடும். ‘ஊன்று’ சரியில்லை, ஐயா. ஆழமில்லாத இடத்தில் கோலை ஊன்றித்தான் படகைத் தள்ளுவோம். ஊன்றினால் படகு போகும், நிற்காது. ‘தடு’ என்றே சொல்லலாமே.

– மீ.

*

‘தடு’வும் இரு குறில்தானே, மீ.? அதோடு முரசின் அடியும் ‘தடு தடு’ என்றுதான் கேட்கிறது. இந்த இருபது பேரில் கோல் ஊன்றியவர் யாருமில்லை.

– லெ.

*

அனைவருக்கும் நன்றி. இன்று காலை அதே ஆறு பேரிடம் ‘ஓய்’, ‘ஊன்று’ இரண்டையும் கத்திப் பார்த்தேன். ஒருவரும் தவறவில்லை. ‘நீள், புதை, இழு, எடு’ என்று கையேட்டில் ஏற்றிவிட்டேன். ‘ஊன்று’வுக்குப் பக்கத்தில், அலகு செங்குத்தாக நிற்க வேண்டும், அடியைத் தொடக் கூடாது என்று எழுதிப் படமும் போட்டிருக்கிறேன். நகலெடுக்கக் கொடுத்தாயிற்று.

– கு.

*

படத்தைப் பார்த்தேன். நல்ல படம். ஆனால் நாளைக்கு எங்கள் பிள்ளைகளில் ஒருவன் உங்கள் அணியில் சேர்ந்தால், ‘ஊன்று’ என்றதும் படகைத் தள்ளத்தான் பார்ப்பான். அடுத்த பதிப்புக்கு முன் என்னைக் கேளுங்கள்.

– மீ.