புது பிக்கப் வண்டியில் உதறல், கடைசியில் டயர்தான் காரணம்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

ஒட்டன்சத்திரம்_சந்தை

வண்டி எடுத்து 19 நாள்தான் ஆகியிருந்தது. சரக்கோடு போகும்போது லேசாக, காலியாகத் திரும்பும்போது பலமாக உதறல். எங்கள் ஓட்டுநர் தம்பி முதல் வாரமே சொன்னான்: "அண்ணா, 65ஐத் தாண்டினால் சீட் நடுங்குகிறது. பின்னால் வரும் வண்டியின் விளக்கு கண்ணாடியில் இரண்டிரண்டாகத் தெரிகிறது." நான் அவனைத்தான் திட்டினேன். எங்கேயோ வேகத்தடையில் தூக்கிப் போட்டிருப்பாய், என்னிடம் மறைக்கிறாய் என்று சந்தையில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன்.

ஷோரூமில் இரண்டு முறை வீல் பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமப்படுத்துவது) செய்தார்கள். நான்கு சக்கரத்துக்கும் திரையில் பூஜ்யம் காட்டியது. மூன்றாம் முறை போனபோது, "லோடு வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

திண்டுக்கல் புறவழிச் சாலையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர்தான் கண்டுபிடித்தார். பின் அச்சை ஜாக்கியில் தூக்கினார். செங்கல் மேல் கையை அசையாமல் ஊன்றி, சாக்பீஸை டயருக்கு ஒரு நூல் இடைவெளியில் பிடித்துக்கொண்டு சக்கரத்தை மெல்லச் சுற்றினார். வலது பின் சக்கரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது. மீதி டயர் முழுக்கக் கறுப்பாகவே இருந்தது. ரிம்மிலும் அதேபோல் பிடித்துப் பார்த்தார், கோட்டம் இல்லை. புது டயர் வட்டமாக இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் கோட்டை நானும் தம்பியும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஹூஸ்டன்_வாசி

எனக்கும் இதே கதைதான், நாடு மட்டும் வேறு. புது அரை டன் பிக்கப், ஓடியது 400 மைல். டாலஸுக்குப் போகும் 45ஆம் எண் நெடுஞ்சாலையில் 70 மைல் வேகம் வந்ததும் தரையிலிருந்து நடுக்கம் ஏறும். பின் இருக்கையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நடுக்கண்ணாடியில் பார்த்தேன், அவள் கன்னம் நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தது. 60க்கு இறக்கினேன், நின்றது. மறுபடி 70, மறுபடி துடித்தது.

மூன்று முறை பேலன்சிங். மூன்று முறையும் "சரியாக இருக்கிறது" என்றார்கள். நான்காவதாகப் போன கடையில் வேறு வகை இயந்திரம் இருந்தது. அதில் ஓர் உருளை, சாலை அழுத்துவதுபோல் டயரை அழுத்திக்கொண்டே சுற்றும். சுற்றும்போது டயர் உருளையைத் திருப்பித் தள்ளும் விசை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று அது காட்டும். மூன்று சக்கரங்களில் அந்த விசை வேறுபாடு 15 பவுண்டுக்குள் இருந்தது, ஒன்றில் 47. டயரை ரிம்மில் பாதிச் சுற்று திருப்பி மாட்டிப் பார்த்தார்கள், 41க்கு மேல் குறையவில்லை. ரிம் நல்லதாக இருந்தால் குற்றம் டயருக்குள்தான்.

ஒட்டன்சத்திரம் நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பெரியவரின் திறமையை மதிக்கிறேன். ஆனால் சாக்பீஸ் வடிவத்தைத்தான் காட்டும். என் டயர் பார்வைக்கு முழு வட்டம். உள்ளே ஓரிடத்தில் மட்டும் அடுக்கு தடித்து விறைப்பாக இருந்தது. சாக்பீஸில் கோடு விழவில்லை என்பதற்காக யாரும் டயரை விடுவித்துவிட வேண்டாம்.

நாமக்கல்_பழைய_மெக்கானிக்

ஹூஸ்டன் தம்பி சொல்வது உண்மை. ஆனால் அந்த இயந்திரம் எல்லா ஊரிலும் கிடையாது. கண்ணும் கையும் இருந்தால் பத்தில் எட்டு வண்டியை ரோட்டோரத்திலேயே பிடித்துவிடலாம் என்பது என் அனுபவம்.

பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருடம் இருந்தேன். கூண்டு கட்ட வந்த ஒரு புது பிக்கப்பில் ஸ்டியரிங் உதறல். கம்பெனி ஆட்கள் எஞ்சினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் ஷாஃப்டைக் கழற்றி, அதன் மூட்டான கிராஸை மாற்றி, மறுபடி பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். உட்கார்ந்து பார்த்தேன். முன் டயரில் ரிம் விளிம்பை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு ஓரிடத்தில் ரிம்முக்குள் மறைந்திருந்தது. டயர் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, சோப்பு நீர் தடவி, மறுபடி ஏற்றினோம். சடக்கென்று ஒரு சத்தம். உதறல் போய்விட்டது.

இதைப் படிப்பவர்கள் முதலில் உதறல் எங்கே வருகிறது என்று பாருங்கள். ஸ்டியரிங்கில் வந்தால் பெரும்பாலும் முன் சக்கரம், சீட்டிலும் தரையிலும் வந்தால் பின் சக்கரம். பிறகு உதறும் வேகத்தில், பாதுகாப்பான இடத்தில், கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். உதறல் அப்படியே இருந்தால் எஞ்சினை விட்டுவிடலாம். அடுத்த சந்தேகம் ஷாஃப்ட். அதற்கும் டயருக்கும் உள்ள வித்தியாசத்தை உடம்பே சொல்லும். மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 20 மீட்டர். டயரின் சுற்றளவு 2.1 மீட்டர் என்று வைத்தால் நொடிக்கு ஒன்பதரைச் சுற்று. ஷாஃப்ட் அதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சுற்றும். ஆகவே டயர் கோளாறு என்றால் உதறும், ஆட்டும். ஷாஃப்ட் என்றால் காலுக்கடியில் வண்டு முரல்வதுபோல் இருக்கும். இது தெரியாமல்தான் நல்ல ஷாஃப்டைக் கழற்றுகிறார்கள்.

அதன்பின் முன் சக்கரங்களைப் பின்னாலும் பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றுங்கள். உதறல் இடம் மாறினால் சக்கரம்தான். ஸ்டெப்னி அதே அளவாக இருந்தால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பதிலாக மாட்டி ஓட்டுங்கள். எதைக் கழற்றியபோது உதறல் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. மாட்டும்போது சக்கரம் பொருந்தும் ஹப்பில் மண், துரு இருந்தால் துடையுங்கள். நட்டுகளை வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக முறுக்குங்கள். சில புது டயர்களில் சிவப்புப் புள்ளி, மஞ்சள் புள்ளி இருக்கும். மஞ்சள், டயரின் எடை குறைந்த இடம். அது வால்வுக்கு நேராக வர வேண்டும். சிவப்பு, ஹூஸ்டன் தம்பி சொன்ன அந்த விசை அதிகம் உள்ள இடம். ரிம்மில் தாழ்ந்த இடத்துக்கு அடையாளம் இருந்தால் அதற்கு நேராக வைக்க வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் ஈயக்கட்டியை ஒட்டிக்கொண்டே போவதால் பயனில்லை.

ஒட்டன்சத்திரம் தம்பி, டயருக்கு யார் பொறுப்பேற்றார்கள் என்று எழுதவில்லையே?

வவுனியா_கெப்

2020இல் நின்ற வாகன இறக்குமதி மறுபடி திறந்த பிறகு, 2025இல் எடுத்த புது கெப் (நீங்கள் சொல்லும் பிக்கப்) என்னுடையது. அத்தனை ஆண்டுகள் காத்திருந்து எடுத்த வாகனம். முதல் நாள் காலை கிளிநொச்சி வீதியில் கட்டை வண்டிபோல் தடதடவென்று ஓடியபோது மனம் உடைந்துவிட்டது. மனைவியிடம் காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் 20 கிலோமீட்டர் ஓடியதும் தானாகவே அடங்கியது. அடுத்த நாள் காலை திரும்பவும் அதே தடதடப்பு. கராஜில் ரயரின் பக்கவாட்டைப் பார்க்கச் சொன்னார்கள். அங்குள்ள கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு, ரயர் தயாரான கிழமை (வாரம்), அடுத்த இரண்டு ஆண்டு. என் ரயர்கள் வாகனத்தைவிட மூத்தவை. முற்றத்தில் காற்றுக் குறைந்து ஒரே இடத்தில் நின்றதால் தட்டையாகிவிட்டனவாம். மூன்று ரயர்கள் இரண்டு கிழமையில் சரியாகின. நான்காவது இன்றுவரை சரியாகவில்லை.

நாமக்கல் ஐயா, நீங்கள் சொன்னவற்றில் இது இல்லை. குளிர்ந்த ரயருக்கும் சூடான ரயருக்கும் உள்ள வேறுபாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரியாத்_ஓட்டுநர்

எல்லோரும் 70, 80 வேகத்து உதறலையே பேசுகிறீர்கள். எனக்கு 30இல் வந்தது. அதைப் பற்றி யாரும் எழுதாதது எனக்குப் பயமாக இருக்கிறது.

கம்பெனியின் புது பிக்கப், மூன்று மாதம் ஆகியிருந்தது. யார்டை விட்டுக் கிளம்பும்போதே ஸ்டியரிங் தானாக இடமும் வலமும் அசைந்தது, தொட்டில் ஆடுவதுபோல். வேகம் ஏற்றினால் அது தெரியவில்லை. தம்மாம் வரைக்கும் 400 கிலோமீட்டர், வெயில் 45 டிகிரி. "போய் வந்துவிட்டுப் பார்க்கலாம்" என்றார் மேற்பார்வையாளர். நான் இறங்கி டயரின் முகத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவினேன். ஓரிடத்தில் உள்ளங்கை மேலே ஏறி இறங்கியது. உள்ளே எஃகு அடுக்கு பிரிந்து, டயர் வயிறு தள்ளியிருந்தது. வேலை போனாலும் போகட்டும், எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஊரில் என் பெரிய மகனுக்கு அப்போது ஆறு வயது.

அடுக்கு பிரிந்த டயர் சூட்டில் ஓடினால் மேல் தோல் அப்படியே உரிந்து போகும். 1999இல் சவூதியிலும் பக்கத்து வளைகுடா நாடுகளிலும் ஃபோர்டு கம்பெனியின் எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்களுக்கு இப்படி நேர்ந்துதான் ஃபோர்டு அவற்றை மாற்றித் தந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஆகவே நாமக்கல் அண்ணா, "உதறும் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்" என்று எழுதுவதற்கு முன்னால், டயரைக் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். மெதுவாகப் போகும்போதே ஆடும் வண்டியை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகவே கூடாது.

நாமக்கல்_பழைய_மெக்கானிக்

ரியாத் தம்பி சொல்வதை ஏற்கிறேன். முதலில் தடவிப் பார்ப்பது எனக்குக் கைப்பழக்கம், அதனால் எழுதத் தோன்றவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

ஒட்டன்சத்திரம்_சந்தை

ஐயா கேட்டதற்குப் பதில். டயருக்கு வண்டிக் கம்பெனியின் வாரண்டி கிடையாது, டயர் கம்பெனிதான் தர வேண்டும். இது ஷோரூமில் யாரும் சொல்லாத விஷயம். டயர் கம்பெனியின் ஆய்வாளர் வந்து பார்த்து, மூன்று வாரம் கழித்துப் புது டயர் வந்தது. அவர் வந்தபோது சாக்பீஸ் கோடு போட்ட படத்தைத்தான் முதலில் காட்டினேன்.

தம்பியிடம் சந்தையிலேயே, அன்று இருந்த அதே ஆட்கள் முன்னால், தவறு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். நேற்று இரவு திருச்சி சாலையிலிருந்து அழைத்தான். கண்ணாடியில் விளக்கு ஒன்றாகத்தான் தெரிகிறதாம்.

ஐயா சொன்ன, ரிம் விளிம்பை ஒட்டிய கோட்டை மற்ற மூன்று டயரிலும் பார்த்தேன். முன் இடதில் ஓரிடத்தில் அரை நூல் உள்ளே போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வண்டி நிற்கும்போது சோப்பு நீர் போட்டுப் பார்க்கிறோம்.