வயிறு சரியானால் சுகர்காரர் கண்ணும் தப்புமா?

கேள்வி (தக்கலை):
அம்மாவுக்குச் சுகர். விழித்திரையில் லேசான கசிவு என்கிறார் டாக்டர். குடல் பாக்டீரியாவைச் சரிசெய்தால் கண் தெளியும் என்று ஒரு வீடியோ பார்த்தேன். புரோபயாட்டிக் மாத்திரை வாங்கட்டுமா?

பதில் (நாகர்கோவில்):
அதுக்குக் காசு போடாதீங்க தம்பி. தொடர்பு இருப்பது உண்மைதான். குடல் சுவரின் காப்பு தளர்ந்தால் பாக்டீரியாத் துணுக்குகள் ரத்தத்தில் கலந்து, விழித்திரையின் நுண்குழாய்களில் அழற்சியைத் தூண்டக்கூடும். 2018-ல் வந்த ஆய்வில், சுகர் உள்ள எலிகளை ஒருநாள் விட்டு ஒருநாள் பட்டினி போட்டார்கள். குடல் பாக்டீரியா மாறியது, ஒருவகைப் பித்த அமிலம் கூடியது, கண் பாதிப்பு குறைந்தது. இத்தனைக்கும் சராசரிச் சுகர் மாறவில்லை! ஆனால் அது எலி. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரையோ எடுப்பவர் பட்டினி கிடந்தால் சுகர் தாழ்ந்து மயங்கிவிடுவார்.

பதில் (குளச்சல்):
நம்மூரில் சிக்கல் மரச்சீனிதான், அதாவது மரவள்ளிக்கிழங்கு. தட்டு நிறைய வேண்டாம், அரை கப் போதும், அன்று கூடவே சோறு கூடாது. சாளை (மத்தி) மீன்கறியும் சிறுபயறுத் துவரனும் (பொரியல்) முருங்கைக்கீரையும் தாராளமாக வையுங்க. நார்ச்சத்து நாளுக்கு 25 கிராமுக்குக் குறையக் கூடாது. ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும். இரண்டு வாரத்தில் மெல்ல ஏற்றுங்க. சிறுநீரகக் கோளாறு இருந்தால் பயறு, கீரை அளவை டாக்டரிடம் கேட்கணும்.

பதில் (நாகர்கோவில்):
இன்னொன்று. பார்வை தெளிவாக இருக்கே என்று பரிசோதனையைத் தள்ளாதீங்க. மையப் பகுதியை எட்டாத கசிவு தெரியவே தெரியாது. ரத்தப் பிரஷரையும் பாருங்க. கண் பரிசோதனைக்குச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கும், துணைக்கு ஆள் போகணும். திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தால் அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்க.