கெக்: தமிழில் என்ன சொல்வது?

வணக்கம்.

போர்ட்லந்தில் நாங்கள் சிலர் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறோம். புதிதாக வருபவர்களுக்கு ஒரு கையேடு தமிழில் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கெக் என்பது முன்பு குளிர்பானப் பாகு அடைத்து வந்த, 19 லிட்டர் பிடிக்கும் எஃகுப் பாத்திரம். அதன் மேலே இரண்டு இணைப்பு முனைகள்: ஒன்றின் வழியே கரியமில வாயு உள்ளே போகும், மற்றதன் வழியே பீர் வெளியே வரும். ‘பீப்பாய்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இன்னொரு சிக்கல்: ‘முதலில் சுத்தம் செய்து, அப்புறம் சுத்தம் செய்யவும்’ என்று ஒரு வரி வந்துவிட்டது. உதவுங்கள்.
(போர்ட்லந்து)

பீப்பாய் வேண்டாம் தம்பி, அது போர்த்துக்கீசியம். நம்மிடம் தசும்பு இருக்கிறது. பதிற்றுப்பத்தின் 42ஆம் பாட்டுக்குப் பெயரே ‘தசும்பு துளங்கிருக்கை’. கள் நிறைந்த குடம் அது. பெரும்பாணாற்றுப்படையில் ‘இல்லடு கள்ளின் தோப்பி’ வருகிறது. வீட்டில் சமைத்த நெல்லுக் கள்! பீரும் தானியக் கள்தானே? ததும்பு என்ற சொல்லே தசும்பு ஆகியிருக்கும் என்பது என் நெடுநாள் எண்ணம்.
(கோவை)

ததும்புக்கும் தசும்புக்கும் சான்று காட்டுங்கள் ஐயா. பீப்பாயை விரட்டினால் சாவி, அலமாரி, ஜன்னல் எல்லாம் கூடவே போக வேண்டும். கச்சா எண்ணெய் விலையைப் பத்திரிகை பீப்பாய்க் கணக்கில்தான் போடுகிறது. பழஞ்சொல்தான் வேண்டுமென்றால் மிடா இருக்கிறது. மொடாக்குடியன் என்ற வசவில் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதனாலேயே கையேட்டுக்கு ஆகாது.
(மதுரை)

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். கிருமிநாசினியை யாழ்ப்பாணத்தில் தொற்றுநீக்கி என்போம். அழுக்கு எடுப்பது துலக்குதல், கிருமி போக்குவது தொற்றுநீக்கல். துலக்காமல் தொற்றுநீக்கிப் பயனில்லை.

நான் வாங்கிய பழைய கெக்கை வெந்நீரும் சலவைக் காரத்தூளும் போட்டு மூன்று தரம் துலக்கினேன். பியரில் அப்போதும் ரூட் பீர் என்ற குளிர்பானத்தின் மணம். மணம் எஃகில் இல்லை, ரப்பர் வளையங்களில் இருந்தது. மூடிக்கு ஒன்று, முனைகளுக்கு இரண்டு, உள்குழாய்களுக்கு இரண்டு: ஐந்தையும் மாற்றிய பிறகுதான் போனது. குளோரின் வெளுப்பான் ஊற்ற வேண்டாம் என்றும் எழுதுங்கள், எஃகைப் புள்ளி புள்ளியாக அரித்துவிடும்.

பீப்பாய் என்று படித்தவர் மரத்தொட்டியை நினைத்து மூடியைத் திறக்கப் போவார். உள்ளே அழுத்தம் இருக்கிறது, முதலில் வால்வை இழுத்து வாயுவை விட வேண்டும். பெயரிலேயே அது தெரியட்டும்: அழுத்தக் கலன்.
(டொரொன்டோ)

அக்கா, பக்கத்தில் நிற்கும் வாயு உருளையும் அழுத்தக் கலன்தானே?
(மதுரை)

ஆமாம். அப்போ பியர்க்கலன்?
(டொரொன்டோ)

நன்றி. துலக்குதல், தொற்றுநீக்கல் இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். முதல் பக்கத்தில் ‘பீர்க்கலன் (கெக்)’, பிறகு பீர்க்கலன் மட்டும். ‘ஆவி அடங்குமுன் குக்கரைத் திறக்காதது போல’ என்று ஒரு வரியும் சேர்க்கிறேன். மூவர் சரி என்றால் அனுப்பிவிடுகிறேன்.
(போர்ட்லந்து)

சரி.
(மதுரை)

சரி. பியர் என்று எழுதினால் இன்னும் சந்தோஷம்.
(டொரொன்டோ)

கலன் என்றால் தண்ணீருக்கும் கலன், எண்ணெய்க்கும் கலன். கள்ளோடு பழகிய ஒரு சொல் இருக்கும்போது ஏன் விட வேண்டும்? அடுத்த பதிப்புக்காவது தசும்பைக் குறித்து வையுங்கள். ததும்புக்குச் சான்று தேடிக்கொண்டிருக்கிறேன்.
(கோவை)